பரலோகக் குடியிருப்பும் வாக்குச்சாவடி வரிசையும்

கேள்வி:

ஐயா, தோத்திரம். எனக்கு 29 வயது. எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறேன். தேர்தல் நெருங்கினால் சபைக்குள் நிம்மதி போய்விடுகிறது. விசுவாச வாழ்க்கையில் எனக்குத் தகப்பனைப் போல இருக்கும் மூப்பர் ஒருவர், "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது. அரசியல் நமக்கு எதற்கு? ஜெபம்பண்ணினால் போதும்" என்கிறார். அவர் இதுவரை வாக்களித்ததே இல்லை. போதகரோ போன மாதம் பிரசங்கத்தின் நடுவில் ஒரு வேட்பாளரின் பெயரைச் சொல்லி, அவருக்கு எதிராக வாக்களிக்கிறவர் தேவனுக்கே எதிராக நிற்கிறார் என்று பேசினார். அந்த வேகத்தில், எதிர் வேட்பாளர் ஒரு ஆராதனையைத் தடுத்து நிறுத்தினார் என்று எனக்கு வந்த செய்தியை வாலிபர் குழுவில் அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அது பொய் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் அழித்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. பேசாமல் இந்த முறை வாக்களிக்கவே போகாமல் இருந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பது கடைசிக் கேள்வியை மட்டும்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் அவசரமான காரியம் அதற்கு முந்தின வரிகளில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையை, பொய் பேசாதே என்று சுருக்கிப் படித்தே நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கட்டளையின் சொந்த இடம் நியாயஸ்தலம். பட்டணத்து வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்கு விசாரித்த காலத்தில், ஒரு மனிதனின் பெயர், சொத்து, சில சமயம் உயிர்கூட சாட்சிக்காரரின் வாயில் இருந்தது. தேர்தல் நாளில் வாக்காளர் ஒவ்வொருவரும் அப்படி ஒரு வாசலில் உட்காருகிறார். யாரிடம் அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் ஒரு பொய்யைக் கொண்டுபோய் வைப்பது, பேச்சுவாக்கில் ஒரு பொய் சொல்வதைப் போல அல்ல. நீங்கள் அதை உண்டாக்கவில்லை, வந்ததை அனுப்பினீர்கள், அவ்வளவுதான் என்று உங்களுக்குத் தோன்றலாம். யாத்திராகமம் 23-ம் அதிகாரம் "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" என்றுதான் தொடங்குகிறது. சொல்வதற்கு முன்பே, ஏற்றுக்கொள்கிற இடத்திலேயே அந்த வசனம் நம் கையைப் பிடிக்கிறது.

சத்தமில்லாமல் அழித்ததால் உங்கள் போனிலிருந்து அது போயிருக்கும். உங்கள் வாலிபர்களின் மனதிலிருந்து போயிருக்காது. இரண்டு நாளில் எத்தனை பேர் அதைத் தங்கள் வீட்டில் வாசித்துக் காட்டியிருப்பார்கள், எத்தனை குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் "எங்கள் அக்கா அனுப்பினார்கள்" என்ற நம்பிக்கையோடு போயிருக்கும். உங்கள் மனசு ஆறாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அது நல்ல மனசாட்சி. அதை அடக்காதீர்கள்.

எனவே, அதே குழுவில் இப்படி எழுதுங்கள்: "இன்னார் ஆராதனையைத் தடுத்தார் என்று நான் அனுப்பிய செய்தி பொய். சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு. அவரைப் பற்றித் தவறான எண்ணத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள். அந்தச் செய்தியை நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து இதையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்." இவ்வளவு போதும். "அவர் நல்லவர் என்று சொல்லவில்லை, ஆனாலும்" என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். யார் அனுப்பி உங்களுக்கு வந்தது என்ற விளக்கமும் வேண்டாம். வரி வசூலிப்பவனான சகேயு மனந்திரும்பினபோது, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். எடுத்தது பணமானாலும் பேரானாலும், திருப்பிக் கொடுப்பது மனந்திரும்புதலின் பாகம். அந்த வேட்பாளருக்கு நீங்கள் வாக்களிக்கப் போவதில்லை என்றாலும் இந்தக் கடன் அவருக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இனி எந்தச் செய்தி வந்தாலும், அது உங்களுக்குப் பிடித்த பக்கத்துக்குச் சாதகமாக இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்" என்கிறது நீதிமொழிகள். முதலில் பேசினவரை மட்டும் கேட்டுவிட்டு நாம் தீர்ப்புச் சொல்கிறோம். கோபம் வருகிறபடி எழுதப்பட்ட செய்தியில் தேதி, இடம், யார் பார்த்தது என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றுமே இருக்காது.

சரி, மூப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அரசியல் மேடையில் தேவனுடைய பெயர் எவ்வளவு மலிவாக எடுக்கப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர்கள்தான் பெரும்பாலும் அப்படிப் பேசுவார்கள். அவர் சொல்கிற வசனம் உண்மையான வசனம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்பதை அவரோடு சேர்ந்து நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும்.

"நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பவுல் எழுதியது பிலிப்பி சபைக்கு. அந்தப் பிலிப்பியில் பவுலுக்கு என்ன நடந்தது? அப்போஸ்தலர் 16-ஐத் திறங்கள். குறிசொல்லுகிற ஒரு அடிமைப் பெண்ணை அவர் விடுவித்தார். அவளை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த எஜமான்களுக்கு வருமானம் போயிற்று. பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "இவர்கள் யூதர், நம்முடைய பட்டணத்தில் கலகம் பண்ணுகிறார்கள்" என்று குற்றம்சாட்டினார்கள். வருமானம் போன கதையை அங்கே யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. விசாரணை இல்லாமல் அடி, பிறகு உட்காவலறை, காலில் தொழுமரம். நடுராத்திரியில் ஜெபமும் பாட்டும், பூமியதிர்ச்சி, சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுவது. இதுவரை நாம் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம்.

விடிந்த பிறகு நடந்ததைத்தான் நாம் அதிகம் கேட்பதில்லை. இவர்களை விட்டுவிடுங்கள் என்று அதிகாரிகள் சேவகரை அனுப்புகிறார்கள். சமாதானமாய்ப் போகலாம் என்று சிறைச்சாலைக்காரனும் சொல்கிறான். முதுகில் காயம் ஆறவில்லை, கதவோ திறந்திருக்கிறது. பரலோகக் குடிமகனுக்கு இந்த ஊர் வழக்கு எதற்கு என்று பவுல் போயிருக்கலாம். அவர் போகவில்லை. "ரோமராகிய எங்களை விசாரியாமல் எல்லார் முன்னாலும் அடித்துச் சிறையில் போட்டார்கள், இப்போது இரகசியமாய் விடுதலையாக்குகிறார்களோ? அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும்" என்கிற கருத்தில் பேசுகிறார். ரோமக் குடிமகனை விசாரணையில்லாமல் அடிப்பது சட்டப்படி குற்றம். அதிகாரிகள் பயந்துபோய், தாங்களே வந்து, தயவாய்ப் பேசி அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

ஏன் அவர் அப்படி நின்றார்? சொந்தக் கௌரவத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அன்றைக்கே ஊரைவிட்டுப் போகிறவர். ஆனால் அந்த ஊரில் விசுவாசியான லீதியாள் அங்கேயே இருக்கவேண்டும். சிறைச்சாலைக்காரன் அங்கேயே வேலை பார்க்கவேண்டும். குற்றவாளிகளோடு சேர்ந்தவர்கள் என்ற பேச்சு அந்தச் சின்னச் சபையின் மேல் விழுந்தால் அவர்கள் என்ன ஆவார்கள்? எல்லார் முன்னாலும் நடந்த அநியாயம் எல்லார் முன்னாலும் சரிசெய்யப்பட்டதால், பின்னால் இருக்கப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புக் கிடைத்தது. தன் குடியுரிமையைப் பவுல் மற்றவர்களுக்கு ஒரு வேலியாக்கினார். நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

இப்போது அந்த வசனத்துக்குத் திரும்புங்கள். கி.மு. 42-ல் பிலிப்பிக்குப் பக்கத்தில் பெரிய போர் ஒன்று நடந்தது. அதன்பின் ஓய்வு பெற்ற போர்வீரர்களைக் குடியேற்றி அந்த ஊரை ரோமக் குடியேற்றமாக்கினார்கள். ஊர் இருந்தது மக்கெதோனியாவில், அந்தஸ்து ரோமுடையது. அப்படிப்பட்ட குடிகளுடைய வேலை, எப்போது ரோமுக்குத் திரும்பலாம் என்று மூட்டையைக் கட்டிவைத்துக் காத்திருப்பது அல்ல. இருக்கிற ஊரில் ரோமின் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் வாழ்வது. அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் பவுல், உங்கள் குடியிருப்பு, அதாவது குடியுரிமை, பரலோகத்தில் என்று எழுதுகிறார். அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? பரலோகத்தின் முறைப்படி இந்தப் பிலிப்பியில் வாழுங்கள் என்றுதான் விழுந்திருக்கும். அதே கடிதத்தின் முதலாம் அதிகாரம் 27-ம் வசனத்தில் "சுவிசேஷத்திற்குப் பாத்திரராக மாத்திரம் நடந்துகொள்ளுங்கள்" என்று வருகிறதே, அங்கே 'நடந்துகொள்ளுங்கள்' என்பதற்கு மூல கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்குக் குடிமக்களாக வாழுங்கள் என்றே பொருள்.

ஜெபம் போதும் என்பதற்கும் ஒரு வார்த்தை. எரேமியா 29-ல் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு வந்த கட்டளை, அந்தப் பட்டணத்தின் "சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்" என்பது. தேடுவது, விண்ணப்பம்பண்ணுவது, இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அதுவும் தங்களை அடிமையாக்கிக் கொண்டுபோன பாபிலோனுக்காக. இரண்டு வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொன்னது ஜனங்களுக்கு இனிப்பாக இருந்திருக்கும். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதினார்.

மூப்பரிடம் வில்பர்ஃபோர்ஸ் கதையையும் சொல்லுங்கள். 1785-ல், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த அந்த வாலிபர் மனந்திரும்பினார். உங்களைப் போலத்தான், இந்த அழுக்கிலிருந்து விலகிவிடலாமா என்ற கேள்வி அவருக்கு வந்தது. ஆலோசனை கேட்டு ஜான் நியூட்டனிடம் போனார். நியூட்டன் அடிமை வியாபாரக் கப்பலுக்குத் தலைவனாக இருந்து, பிறகு குருவானவர் ஆனவர். பாராளுமன்றத்தை விடாதே, இருக்கிற இடத்திலேயே இரு என்று சொல்லி அனுப்பினார். 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறும் தறுவாயில், வில்பர்ஃபோர்ஸ் மரணப்படுக்கையில் அந்தச் செய்தியைக் கேட்டு, மூன்று நாளில் இறந்தார். எனக்கு இதில் அவரைவிட அதிகமாக மனதில் நிற்பது 1791-ல் நடந்தது. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் மசோதா அந்த வருடம் தோற்றபோது, வாக்குரிமையே இல்லாத ஏராளமான பெண்கள் தங்கள் வீட்டில் அடிமை உழைப்பால் விளைந்த சர்க்கரை வாங்குவதை நிறுத்தினார்கள். வாக்கு இல்லாதவர்களும் தங்கள் பங்கைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே நேரம், அடிமைகளை வைத்திருந்தவர்களின் கையிலும் வேதாகமம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. வசனம் தெரிந்திருப்பது மட்டும் நம்மைச் சரியான பக்கத்தில் நிறுத்திவிடாது.

போதகர் விஷயம் எனக்குக் கஷ்டமானது. ஏனென்றால் நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். போதகராகி நாலு வருடம்கூட ஆகாத காலம். ஒரு வேட்பாளரை நான் உண்மையாகவே நம்பினேன். அவருக்காகப் பிரசங்க மேடையில் பேசினேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுப்பது என் வழக்கம். ஒவ்வொரு வாரமும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது பேசிவிட்டுப் போகிற பெரியவர் ஒருவர், அன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கோபப்படாமல் பேசினார். "நீங்கள் அன்றைக்குச் சொன்னது கர்த்தருடைய வார்த்தையா, உங்கள் சொந்தக் கருத்தா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை ஐயா. அதற்கப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தச் சந்தேகம் வந்துவிடும்போல இருக்கிறது" என்றார். நான் ஆதரித்த வேட்பாளர் நல்லவரா கெட்டவரா என்பது அவருக்குப் பிரச்சனையே இல்லை. ஜீவ அப்பத்தைப் பரிமாறவேண்டிய கையில் நான் வேறொன்றைக் கலந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன், சபையிலும் அதைச் சொன்னேன். அவர் திரும்பி வந்தார். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கதவை நான் மறக்கவில்லை.

அதற்காக மேடை ஊமையாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நாத்தான் தாவீதின் முகத்துக்கு நேரே பேசினார். யோவான்ஸ்நானகன் ஏரோதின் பாவத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்து, அதற்காகத் தலையையே கொடுத்தார். ஆனால் ஏரோதுக்குப் பதில் இன்னொருவரை உட்காரவைக்க யோவான் ஆள் சேர்க்கவில்லை. அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது பிரசங்கியின் வேலை. ஒரு கட்சியோடு தேவனைக் கட்டிவைப்பது வேறு. ஜெர்மனியில் 1933 ஜூலையில் சபைத் தேர்தல் நடந்தது. ஹிட்லரே வானொலியில் ஆதரவு கேட்ட 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற அணி அதில் பெருவாரியாக ஜெயித்தது. அடுத்த வருடம் மே மாதம் பார்மென் நகரில் கூடிய போதகர்களும் விசுவாசிகளும் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். சபை கேட்டுக் கீழ்ப்படியவேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்து என்பதே அதன் முதல் கூற்று. வாசிக்கும்போது ஞாயிறு பள்ளிப் பாடம்போல இருக்கும். அன்றைக்கு அதைச் சொல்லத் தைரியம் வேண்டியிருந்தது. யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்ததைப் பற்றி அந்த அறிக்கை வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை என்ற குறை அதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். நம் விசுவாசம் சுத்தமாக இருந்தால் போதும், அயலான் பாடு வேறு என்று நினைக்கிற ஆபத்து நல்லவர்களுக்கும் உண்டு.

போதகரைத் தனியாகச் சந்தியுங்கள். குழுவில் எழுதாதீர்கள், மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தகப்பனிடம் பேசுவதுபோலப் பேசுங்கள். முதலில் உங்கள் தவறைச் சொல்லுங்கள்: "அன்றைக்கு நீங்கள் பேசினதைக் கேட்ட வேகத்தில் நான் ஒரு பொய்யைப் பரப்பிவிட்டேன் ஐயா." அவர்மேல் பழிபோடுவதற்காக அல்ல, மேடையில் விழுகிற ஒரு வார்த்தை வாலிபர்களிடம் எங்கே போய் முடிகிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். அப்புறம், நம் சபையிலேயே வேறுவிதமாக வாக்களிக்கிற உண்மையான விசுவாசிகள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். இயேசு தெரிந்துகொண்ட பன்னிரண்டு பேரில் ரோமுக்கு அடங்கிய ஆட்சிக்காக வரி வசூலித்த மத்தேயு இருந்தார், செலோத்தே என்னப்பட்ட சீமோனும் இருந்தார். ரோம ஆட்சியையே வெறுத்த வைராக்கியக்காரர்களைக் குறிக்கிற பெயர் அது. இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

கடைசியாக, வாக்களிப்பது. வாக்களிக்காமல் இருப்பதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1527-ல் ஷ்லைத்ஹைம் அறிக்கையை எழுதின அனபாப்டிஸ்டுகள் (விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்று நின்ற கிறிஸ்தவர்கள்), பட்டயத்தைப் பிடிக்கிற அரசாங்கப் பதவி சீஷனுக்கு ஆகாது என்று நம்பினார்கள். அதற்காக உயிரும் கொடுத்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் பலர் இன்றும் ஒதுங்கியிருந்து, ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் ஊழியம் செய்கிறார்கள். அது விலை கொடுத்து எடுத்த முடிவு. நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குத் தெரிவது களைப்பும் வெட்கமும். அவற்றைக் காரணமாக வைத்து ஒதுங்காதீர்கள்.

ரோமர் 13-ஐப் பவுல் எழுதியபோது, இராயன், அதாவது ரோமப் பேரரசன், யார் என்று தீர்மானிக்கிற உரிமை அவருடைய வாசகர்கள் ஒருவருக்கும் இல்லை. கீழ்ப்படிவது, வரி கொடுப்பது, கனம்பண்ணுவது, இவைதான் அவர்களால் முடிந்தது. மனச்சாட்சிக்கு எதிரான கட்டளை வந்தால் "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று நின்று, அதன் விளைவை ஏற்பது. நமக்கோ அந்த அதிகாரத்தில் ஒரு சின்னப் பங்கு கையில் தரப்பட்டிருக்கிறது. அதை வைத்து அயலானுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வி நமக்கு உண்டு.

யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. எப்படி யோசிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். யாத்திராகமம் 18-ல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன அளவுகோல் இன்றும் பழசாகவில்லை: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுப்பது. திறமையை நாம் சுலபமாக விட்டுவிடுகிறோம், நம் ஆள் என்றால் போதும் என்று. அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு முன் கையில் கிடைத்த பொறுப்பில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தனக்கு வாக்களிக்காதவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்? கேட்க நாதியில்லாதவர்களுக்கு அவருடைய திட்டத்தால் என்ன ஆகும்? நமக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கடைசியில் வையுங்கள். வாக்குக்காக யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பரிதானம் பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்று வேதம் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். எல்லாம் பார்த்த பிறகும், முழுமனதோடு சம்மதிக்கக்கூடிய ஒருவர் கிடைக்காமல் போகலாம். அப்போது தீமை குறைவாக நடக்கும் என்று தோன்றுகிற பக்கம் வாக்களிப்பது சமரசம் ஆகாது. நீங்கள் வாக்களிப்பது ஒரு மனிதருக்கு. இரட்சகர் நமக்கு ஏற்கெனவே இருக்கிறார்.

மூப்பரிடம் ஒரு உதவி கேளுங்கள். தேர்தலுக்கு முந்தின ஜெபக்கூட்டத்தில், எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒருவர் விடாமல் சொல்லி ஜெபிக்கும்படி. அவருக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன், ஜெபம் அவருடைய பலம். நீங்கள் பொய்ச்செய்தி அனுப்பினீர்களே, அவருடைய பெயரையும் அந்த அறையில் எல்லாரும் கேட்கட்டும். முடிவு வந்த பிறகும், ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அவருக்காக அதே ஜெபம் தொடரட்டும்.

அந்தத் திருத்தத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் இந்த வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆகட்டும். மூப்பர் வீட்டுக்குப் போகும்போது வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போய், அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தை 35-ம் வசனத்திலிருந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.